பெட்டியோடு வந்த அசைவு

2006 டிசம்பரில் நின்டெண்டோ நிறுவனம் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர வேண்டி வந்தது. ‘வீ’ என்ற அதன் புதிய கேம் கன்சோல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. அதற்குள் மணிக்கட்டில் மாட்டும் கயிறு அறுந்து, கையிலிருந்த ரிமோட் பறந்து, டி.வி. திரையில் மோதிய கதைகள் நாலாபக்கமும் கிளம்பிவிட்டன. 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இருந்த கயிற்றுக்குப் பதிலாக 1 மில்லிமீட்டர் கயிறு தரப்பட்டது. அடுத்த ஆண்டு ரிமோட்டுக்கு ரப்பர் உறையும் இலவசமாக வந்தது.

ரிமோட் ஏன் பறந்தது? பௌலிங் ஆட்டத்தில் பந்தை உருட்டக் கையைப் பின்னால் இழுத்து முன்னால் வீச வேண்டும். நிஜப் பந்தாக இருந்தால் வீச்சின் முடிவில் விரல்கள் தானாக விரிந்து பந்தை விடும். திரைக்கு முன் நின்றவர்களின் விரல்களும் அப்படியே விரிந்துவிட்டன. கையில் இருப்பது பிளாஸ்டிக் என்பதை உடம்பு மறந்துபோனது. அதுவரை எந்தப் பொத்தானும் மனிதக் கையை இந்த அளவுக்கு நம்பவைத்ததில்லை.

அசைவைப் புரிந்துகொள்ளும் கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. 1989இல் மேட்டல் நிறுவனம் நின்டெண்டோவின் பழைய கன்சோலுக்காக ‘பவர் குளோவ்’ என்ற கையுறையை விற்றது. காதுக்குக் கேட்காத மீயொலியை வைத்து, கை எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் கருவி அது. 1993இல் சேகா நிறுவனம் ‘ஆக்டிவேட்டர்’ என்ற எண்கோண வளையத்தைத் தரையில் விரித்து, அதற்குள் நின்று கைகால்களை வீசச் சொன்னது. 2003இல் சோனியின் ‘ஐ-டாய்’ கேமரா பிளேஸ்டேஷன் 2 உடன் சேர்ந்து வேலை செய்தது. ஐ-டாய் மட்டும் ஓரளவு நன்றாகவே ஓடியது. ஆனாலும் இந்த மூன்றும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டன: மூன்றையும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

தனியாக விற்கும் கருவியைக் கன்சோல் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர்தான் வாங்குவார்கள். அந்தச் சிறு பகுதிக்காக இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு கேமை உருவாக்க எந்த நிறுவனமும் யோசிக்கும். நல்ல கேம் வராததால் கருவியை வாங்குபவர்கள் இன்னும் குறைவார்கள். கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டிருந்தாலும் இந்தச் சுழலிலிருந்து அது மீள்வது கடினம்.

நின்டெண்டோ இந்தச் சுழலை அறுத்த விதம் எளிமையானது. அசையும் ரிமோட்டையே கன்சோலின் முதன்மைக் கன்ட்ரோலராக்கி, பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டது. வீ வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் ரிமோட் இருந்தது. அதனால் கேம் எழுதுபவர் யாரும் ‘அவர்களிடம் இருக்குமா?’ என்று கேட்கத் தேவையில்லாமல் போனது. அதோடு ஜப்பான், தென்கொரியா தவிர மற்ற நாடுகளில் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ என்ற கேமும் அதே பெட்டிக்குள் வந்தது. இதற்கு நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. மாதக்கணக்கில் உழைத்த கேமைச் சும்மா கொடுப்பதா என்று தலைவர் சடோரு இவாட்டாவும் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவும் தயங்கியதையும், தான் வாதாடி அவர்களைச் சம்மதிக்க வைத்ததையும் அமெரிக்கக் கிளைக்குத் தலைமை தாங்கிய ரெஜி ஃபீஸ்-அமே தன் நினைவுக் குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். அவர் வாதம் சரி என்பதை விற்பனை காட்டியது. நின்டெண்டோவின் முந்தைய கன்சோல் கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம் விற்றது. வீ விற்றதோ 10 கோடியே 16 லட்சம்.

அந்த ரிமோட்டுக்குள் இருந்த பொருளை இனிப் பார்க்கலாம்.

அதன் உயிர்நாடி அனலாக் டிவைசஸ் நிறுவனம் தயாரித்த முடுக்கமானி. நீளம் 4 மில்லிமீட்டர், அகலம் 4 மில்லிமீட்டர், உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உளுந்துப் பருப்பை விடக் கொஞ்சம் தடிமன் குறைவு என்று சொல்லலாம். உள்ளே சிலிக்கானில் செதுக்கிய ஒரு குட்டி எடைத்தட்டு, சிலிக்கான் வில்களில் தொங்கிக்கொண்டிருக்கும். தட்டின் ஓரத்தில் சீப்புப் பல் போல நீட்டிய விரல்கள். அசையாமல் நிற்கும் இன்னொரு சீப்பின் பற்களுக்கு நடுவே இந்தப் பற்கள் நுழைந்து நிற்கும். ஓட்டுநர் பிரேக் போட்டால் பேருந்தில் நிற்பவர்கள் முன்னால் சாய்வதைப்போல, ரிமோட்டை வீசும்போது தட்டு வில்லை இழுத்துக்கொண்டு இம்மியளவு பின்தங்கும். இரண்டு சீப்புப் பற்களின் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் அவற்றுக்கு இடையே தேங்கும் மின்னூட்டத்தின் அளவும் மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் வீசப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சில்லு கேமுக்காகப் பிறந்தது அல்ல. கார் மோதியதும் காற்றுப்பையை விரிக்க வேண்டும் என்ற தேவைக்காக 1990களின் தொடக்கத்தில் வளர்ந்த தொழில்நுட்பம் அது. கார்த் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் வாங்கியதால் விலை இறங்கியது. விலை இறங்கியதால்தான் 250 டாலர் விலையுள்ள ஒரு கன்சோலின் பெட்டிக்குள் அதை வைக்க முடிந்தது. பவர் குளோவ் காலத்தில் இதே யோசனை யாருக்காவது தோன்றியிருந்தாலும் பெட்டிக்குள் வைத்துக் கட்டுப்படியாகியிருக்காது.

முடுக்கமானியின் ஒரு குணம் பலருக்கும் வியப்பைத் தரும். கையில் இருக்கும் ஸ்மார்ட்போனில் சென்சார் அளவுகளைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, போனை மேசையில் அசையாமல் வைத்துப் பாருங்கள். அளவு பூஜ்ஜியமாக இருக்காது, 9.8க்குப் பக்கத்தில் நிற்கும். புவியீர்ப்பைத் தாங்கி மேசை மேல்நோக்கித் தரும் தள்ளலைத்தான் அது காட்டுகிறது. போனைத் தலையணை மேல் விழவிட்டால், விழும் அந்தக் கணத்தில் அளவு பூஜ்ஜியத்தை ஒட்டி வரும். ரிமோட் சும்மா இருக்கும்போது பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரிவதும் இதனால்தான். கார்ப் பந்தய கேமில் ரிமோட்டை ஸ்டியரிங் போலச் சாய்த்து ஓட்ட முடிந்ததும் இதனால்தான்.

ரிமோட்டின் மூக்கில் இன்னொரு கண் உண்டு. கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் அகச்சிவப்பு ஒளியை மட்டும் பார்க்கும் சிறு கேமரா ஒன்று இருந்தது. டி.வி.யின் மேலோ கீழோ வைக்கும் பட்டையைச் ‘சென்சார் பார்’ என்றார்கள். உண்மையில் அந்தப் பட்டையில் சென்சார் எதுவும் கிடையாது. இரண்டு முனைகளிலும் சில அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். பார்ப்பது ரிமோட், விளக்காக இருப்பது பட்டை. பட்டை பழுதான வீடுகளில் டி.வி.க்கு முன் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்து விளையாடியவர்கள் இருக்கிறார்கள். மெழுகுவத்திச் சுடரிலும் அகச்சிவப்பு உண்டு என்பதால் ரிமோட் அதையே பட்டை என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு ஒளிப்புள்ளிகளின் இடைவெளியிலிருந்து தூரத்தையும், அவற்றின் சாய்விலிருந்து மணிக்கட்டின் திருப்பத்தையும் கணக்கிட்டுத் திரையில் சுட்டுக்குறியை நகர்த்தும் இந்த முறை, செலவு குறைந்தது, அழகானது. பொறியியலில் இப்படிப்பட்ட சிக்கனம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஆனால் வீ ரிமோட்டுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. பட்டையைப் பார்க்காத நேரத்தில் கை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

முடுக்கத்தைத் தொடர்ந்து கூட்டினால் வேகம் கிடைக்கும், வேகத்தைக் கூட்டினால் இடம் கிடைக்கும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். காகிதத்தில் சரிதான். ஆனால் அளவில் நூறில் ஒரு பங்கு புவியீர்ப்பு அளவுக்குப் பிழை இருந்தால், ஒரு விநாடியில் இடக்கணக்கு 5 சென்டிமீட்டர் தவறும். பத்து விநாடியில் அது 5 மீட்டராகிவிடும். நேரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகிறது. ஆட்டக்காரரின் கை அடுத்த அறைக்குப் போய்விட்டதாகக் கன்சோல் கணக்குப் போடும். இன்னொரு குழப்பமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு இருக்கையில் அழுந்தினால், பேருந்து வேகமெடுக்கிறதா, மலைப்பாதையில் ஏறுகிறதா என்று அந்த அழுத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முடுக்கமானிக்கும் அதே திணறல்தான். சாய்த்ததையும் வீசியதையும் அதனால் பிரித்தறிய முடியாது.

அதனால் வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸில் உண்மையில் நடந்தது, ‘கை வீசப்பட்டது, இந்த நேரத்தில், ஏறத்தாழ இந்த விசையோடு’ என்று அடையாளம் காண்பது மட்டுமே. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து போகும். இதைக் கண்டுபிடித்தவர்கள் எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு மருந்து கைரோஸ்கோப். திருவிழாவில் குடை ராட்டினம் சுழன்றுகொண்டிருக்கும்போது, அதன் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக நடக்க முயன்றால் உடம்பு பக்கவாட்டில் தள்ளப்படும். இதற்குக் கோரியாலிஸ் விளைவு என்று பெயர். சில்லுக்குள் ஒரு சிலிக்கான் துண்டு விநாடிக்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோலரைத் திருப்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும். விலகலை அளந்தால் எவ்வளவு வேகமாகத் திருப்பப்பட்டது என்பது கிடைக்கும். திருப்பத்தை இது சொல்ல, வீச்சை முடுக்கமானி சொல்ல, இரண்டும் சேர்ந்தால் கை செய்ததை ஏறக்குறைய முழுமையாகத் திரையில் காட்டலாம்.

2009இல் நின்டெண்டோ கைரோஸ்கோப்பை ‘மோஷன் பிளஸ்’ என்ற சிறு துணைக்கருவியாக வெளியிட்டது. இங்கேதான் பழைய சுழல் திரும்பி வந்தது. அதற்குள் கோடிக்கணக்கான வீடுகளில் கைரோ இல்லாத ரிமோட்டுகள் இருந்தன. புதுக்கருவி ‘வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்’ கேமோடு சேர்ந்து வந்ததால் அந்த கேம் பிழைத்தது. வேறு நிறுவனங்கள் மோஷன் பிளஸ்ஸை நம்பி எழுதிய கேம்கள் கொஞ்சமே. அதை முழுதாக நம்பி எழுதப்பட்ட பெரிய கேம், நின்டெண்டோவே 2011இல் வெளியிட்ட ‘செல்டா: ஸ்கைவார்டு சோர்டு’. வாளை எந்தத் திசையில் வீசினாலும் திரையிலும் அதே திசையில் வெட்டு விழும். ஆனால் கைரோஸ்கோப்பும் மெல்ல மெல்லத் தடம் விலகும். விநாடிக்கு ஒரே ஒரு பாகை பிழை என்றாலும் ஒரு நிமிடத்தில் 60 பாகை திரும்பிவிடும். அதனால் அவ்வப்போது பொத்தானை அழுத்தி ‘இதுதான் நடு’ என்று சொல்லித்தர வேண்டியிருந்தது. சிறந்த கேம்தான். கன்சோலின் ஆயுள் முடியும் தறுவாயில் வந்தது என்பதுதான் அதன் துரதிர்ஷ்டம். மோஷன் பிளஸ் 2006ஆம் ஆண்டுப் பெட்டிக்குள்ளேயே இருந்திருந்தால் வீயின் கேம் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பெட்டிக்குள் இருந்தால் போதுமா? போதாது என்பதற்குச் சான்று அதே 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3. அதன் கன்ட்ரோலருக்குப் பெயரே ‘சிக்ஸாக்சிஸ்’, அதாவது ஆறு அச்சு. அசைவு உணரிகள் ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தன. ஆனால் சோனி அதற்கென்று வீ ஸ்போர்ட்ஸ் போல ஒரு கேமைப் பெட்டியில் வைக்கவில்லை. கூடவே, கைக்குப் பழகிப்போயிருந்த அதிர்வையும் அந்தக் கன்ட்ரோலர் இழந்திருந்தது. அதிர்வுத் தொழில்நுட்பக் காப்புரிமை தொடர்பாக இமெர்ஷன் நிறுவனத்துடன் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. 2007இல் ‘லேர்’ என்ற கேம் டிராகனை ஓட்டக் கன்ட்ரோலரைச் சாய்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியது. விமர்சனங்கள் கடுமையாக இருந்தன. மறு ஆண்டு, வழக்கமான ஸ்டிக்கைக் கொண்டே ஓட்டும்படி திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

அசைவின் அடுத்த பெரிய பாய்ச்சல் கையில் எதுவுமே இல்லாமல் வந்தது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360க்காக ‘கினெக்ட்’ என்ற கேமராப் பட்டையை 150 டாலருக்கு விற்கத் தொடங்கியது. இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. அறை முழுதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் தூவும். கட்டைவிரலை முகத்துக்கு நேராகப் பிடித்து இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் மாறுவது போலத் தெரியும் அல்லவா? அதேபோல, புள்ளிகளைத் தூவும் விளக்குக்கும் பார்க்கும் கேமராவுக்கும் நடுவே சிறு இடைவெளி இருப்பதால், பொருளின் தூரத்துக்கு ஏற்பப் புள்ளிகள் இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்திலிருந்து ஒவ்வொரு இடமும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற படம் விநாடிக்கு 30 முறை உருவாகும்.

தூரம் தெரிந்துவிட்டது, அது முழங்கையா, முழங்காலா? கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஜேமி ஷாட்டன் குழுவினர் இதற்கு விடை தந்தார்கள். கணினியில் செயற்கையாக உருவாக்கிய உடல் படங்களை, குட்டையும் நெட்டையும் ஒல்லியும் பருமனுமாக, ஏறத்தாழ 10 லட்சம் எண்ணிக்கையில் காட்டி, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உடம்பின் 31 பகுதிகளில் எதைச் சேர்ந்தது என்று ஊகிக்கும் நிரலைப் பயிற்றுவித்தார்கள். ஆயிரம் செயலிக் கருக்கள் ஒரு நாள் முழுக்க உழைத்த பயிற்சி அது. பயிற்சி முடிந்த பிறகு அந்த ஊகம் இமைக்கும் நேரத்தில் நடந்தது. இன்று எந்திரக் கற்றல் என்று எல்லோரும் பேசும் துறை வீட்டு வரவேற்பறைக்குள் காலடி வைத்த முதல் தருணங்களில் இதுவும் ஒன்று.

முதல் 60 நாளில் 80 லட்சம் கினெக்ட்கள் விற்றன. மிக வேகமாக விற்ற நுகர்வோர் மின்னணுக் கருவி என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. இருந்தும் 2013 பிப்ரவரியில் நிலவரம் இது: 7 கோடியே 60 லட்சம் எக்ஸ்பாக்ஸ் 360, 2 கோடியே 40 லட்சம் கினெக்ட். மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக்கூடச் சரியாகப் போய்ச்சேரவில்லை. நடனக் கேம்களும் குழந்தைகளுக்கான கேம்களும் வந்தன. பெரிய கேம் நிறுவனங்கள் ஒதுங்கியே நின்றன.

பாடம் தெளிவாக இருப்பதாக மைக்ரோசாஃப்ட் நினைத்தது. அடுத்த தலைமுறைக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் கினெக்ட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தது. புதிய கினெக்ட் இன்னும் கூர்மையானது. ஒளியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதை நினைத்தால் இந்த அளவீட்டின் நுட்பம் புரியும். ஆறு பேரை ஒரே நேரத்தில், ஒவ்வொருவருக்கும் 25 மூட்டுகளாகப் பின்தொடரும்.

2013 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலருக்கு வந்தது. ஒரு வாரம் முன்னால் வந்த பிளேஸ்டேஷன் 4இன் விலை 399. சோனி தன் கேமராவைப் பெட்டியில் வைக்காமல் தனியே விற்றது. அந்த 100 டாலர் இடைவெளி கடை அலமாரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டது. வேறு கவலைகளும் சேர்ந்துகொண்டன. கினெக்ட் இணைக்கப்படாமல் கன்சோல் இயங்காது என்று முதலில் அறிவித்தார்கள். அமெரிக்க அரசின் இணைய உளவு வேலைகளை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்திய அதே கோடைகாலம் அது. எப்போதும் விழித்திருக்கும் கேமராவையும் மைக்கையும் வரவேற்பறையில் வைக்கப் பலருக்கு மனம் வரவில்லை. அந்த நிபந்தனையை வெளியீட்டுக்கு முன்பே கைவிட்டார்கள். 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் 399 டாலருக்கு வந்தது. கினெக்ட்டுக்கென ஒதுக்கியிருந்த, கன்சோலின் வரைகலைத் திறனில் பத்து சதவீதம் வரையிலான பங்கைக் கேம் நிறுவனங்களுக்கே திருப்பித் தந்தார்கள். 2017இல் கினெக்ட்டின் உற்பத்தி நின்றது.

பெட்டிக்குள் வைத்தும் அது ஏன் தோற்றது? விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கினெக்ட் அறையைக் கேட்டது. சோபாவைத் தள்ளிப்போட வேண்டும். இரண்டு மீட்டர் இடம் வேண்டும். டோக்கியோவிலும் லண்டனிலும் மும்பையிலும் ஒற்றை அறைக் குடித்தனங்களில் அந்த இடத்துக்கு எங்கே போவது? அந்தரத்தில் வீசும் கைக்குப் பிடிமானம் எதுவும் தட்டுப்படாது. கதவைத் தள்ளினால் கதவு எதிர்த்துத் தள்ளாது. பந்தை அடித்தால் கை அதிராது. வீ ரிமோட்டில் சின்ன அதிர்வாவது இருந்தது. கினெக்ட்டில் கைக்குத் திரும்பிக் கிடைத்தது ஒன்றுமில்லை.

தொடுதலின் கதையும் இதே ஏற்ற இறக்கம் கொண்டது. 2004இல் வந்த நின்டெண்டோ டி.எஸ். கையடக்கக் கன்சோலில் தொடுதிரை இருந்தது. அழுத்தினால் இரண்டு படலங்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் பாயும் வகை. பென்சில் முனையும் போதும், நகமும் போதும். 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. அதே வகைத் திரையைப் பெரிதாக்கி, 6.2 அங்குலத்தில் ஒரு கன்ட்ரோலருக்கு நடுவே பொருத்தி, 2012இல் ‘வீ யூ’ என்ற கன்சோல் வந்தது. அப்போது ஐபேட் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. விரல் தொட்டதும் திரையின் மின்னூட்டத்தில் வரும் மாற்றத்தையே உணர்ந்து, ஒரே நேரத்தில் பத்து விரல்களையும் அறியும் திரைக்கு மக்கள் பழகியிருந்தார்கள். அழுத்தினால் மட்டும் புரிந்துகொள்ளும், ஒரு நேரத்தில் ஒரு தொடுதலை மட்டும் அறியும் திரை அவர்களுக்குப் பழையதாகப் பட்டது. டி.வி.யையும் பார்க்க வேண்டும், மடியில் இருக்கும் திரையையும் பார்க்க வேண்டும் என்றால் கண் இரண்டுக்கும் நடுவே அல்லாடும். வீ யூ விற்றது மொத்தம் 1 கோடியே 36 லட்சம்.

பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரின் நடுவில் இரண்டு விரல்களை அறியும் தொடுபலகை ஒன்று ஒவ்வொரு பெட்டியிலும் வந்தது. பெரும்பாலான கேம்கள் அதைப் பெரிய பொத்தானாக, வரைபடம் திறக்க மட்டுமே பயன்படுத்தின. ஒரே கேமைப் பல கன்சோல்களுக்கும் எழுதும் நிறுவனம், ஒன்றில் மட்டும் இருக்கும் வசதியை நம்பி விளையாட்டை அமைக்காது. பெட்டிக்குள் வைக்கும் எந்தக் கருவிக்கும் இந்த வரம்பு உண்டு. ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் மட்டும் இருந்தால் போதாது.

இன்று நிலைத்திருப்பது சின்னச் சின்னச் சில்லுகள். 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ‘ஜாய்-கான்’ என்ற இரண்டு கன்ட்ரோலர்களிலும் கைரோஸ்கோப் உண்டு. மணிக்கட்டுக் கயிறும் உண்டு! வீசி ஆட விரும்பினால் ஆடலாம். படுத்துக்கொண்டு ஆட விரும்பினால் அதற்கும் தடையில்லை. 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. ‘ஸ்ப்ளாட்டூன்’ கேமில் ஸ்டிக்கால் ஏறத்தாழக் குறிவைத்து, கன்ட்ரோலரை இரண்டு பாகை சாய்த்து அந்தக் குறியைத் துல்லியமாக்குகிறார்கள். பெரிய திருப்பத்துக்குக் கட்டைவிரல், நுண்ணிய திருத்தத்துக்கு மணிக்கட்டு. தமிழ்நாட்டில் போனில் ‘பி.ஜி.எம்.ஐ.’ என்ற கேமை ஆடும் இளைஞர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘கைரோ ஆன் பண்ணிட்டியா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இதே அதிரும் சிலிக்கான் துண்டைப் பற்றித்தான். போனில் அந்தச் சில்லு ஏற்கனவே இருப்பதால் யாரும் அதற்குத் தனியே காசு கொடுக்கவில்லை.

2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் ‘டூயல்சென்ஸ்’ கன்ட்ரோலர் தொடுதலைத் திருப்பிப் போட்டது. விரல் கருவியைத் தொடுவது போய், கருவி விரலைத் தொடத் தொடங்கியது. பழைய கன்ட்ரோலர்களில் ஒருபக்கம் கனமான எடையைச் சுழற்றி உறுமலை உண்டாக்கினார்கள். இதில் ஒலிபெருக்கியில் இருப்பது போன்ற சுருள் அமைப்பு இருப்பதால் மழைத்துளியும் மணல்நடையும் தனித்தனியாக உள்ளங்கையில் தெரிகின்றன. விரல் இழுக்கும் விசைப்பொத்தானுக்குப் பின்னால் ஒரு சிறு மோட்டார் பற்சக்கரத்தைத் திருப்பி, வில் நாணை இழுக்கும்போது நாண் எதிர்ப்பதைப்போல் பொத்தானைக் கெட்டியாக்குகிறது. சோனி இந்த முறை கேமை மறக்கவில்லை. ‘ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்’ ஒவ்வொரு கன்சோலிலும் முன்பே ஏற்றப்பட்டு வந்தது. கன்ட்ரோலரின் ஒவ்வொரு திறமையையும் கைக்குச் சொல்லித்தரும் கேம் அது. வீ ஸ்போர்ட்ஸ் 2006இல் செய்ததை அது 2020இல் செய்தது.

கன்சோலில் தோற்ற கருவிகள் வெளியே பிழைத்துக்கொண்டதும் இந்தக் கதையில் சேர வேண்டும். கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஜானி சுங் லீ, 2007இல் வீ ரிமோட்டைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். ரிமோட்டை டி.வி. பக்கம் வைத்துவிட்டு, அகச்சிவப்பு விளக்குகளைத் தன் கண்ணாடியில் மாட்டிக்கொண்டார். தலையை அசைத்தால் திரைக்குள் ஆழம் தெரிந்தது. அவர் பின்பு கினெக்ட் குழுவில் சேர்ந்தார். கினெக்ட்டைக் கணினியோடு இணைக்கும் திறந்த நிரலை எழுதுபவருக்கு அடாஃப்ரூட் நிறுவனம் பரிசு அறிவித்ததும், ஹெக்டர் மார்ட்டின் என்பவர் ஒரே வாரத்துக்குள் அதை வென்றதும் அன்று செய்தியானது. அந்தப் பரிசின் பின்னால் இருந்தது தானே என்று லீ, மைக்ரோசாஃப்ட்டை விட்டு வெளியேறிய பிறகு தெரிவித்தார். அந்த நிரல் வெளிவந்ததும் ரோபோ ஆய்வகங்கள், ஓவியர்கள், மருத்துவர்கள் என்று பலரும் கினெக்ட்டை எடுத்துக்கொண்டார்கள். ‘வீ ஃபிட்’ கேமோடு வந்த, நின்று ஆடும் எடைப்பலகையை, விலை மிகுந்த ஆய்வகத் தளங்களுக்குப் பதிலாக முதியோரின் நிலைத்தன்மையை அளக்கப் பிசியோதெரபி ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். பிரைம்சென்ஸை 2013இல் ஆப்பிள் வாங்கியது. அறை முழுதும் தூவிய அகச்சிவப்புப் புள்ளிகள், ஐபோன் எக்ஸில் தொடங்கி, ஆளின் முகத்தில் விழுந்து அடையாளம் காண்கின்றன. அந்த வழியில் வந்த ஐபோன்கள் இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் பொருத்தப்படுகின்றன.

அடுத்த தலைமுறைக் கன்சோல்களை வடிவமைப்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. உணரிகளைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கூடவே அவற்றுக்கு உயிர் கொடுக்கும் ஒரு கேமையும் வையுங்கள். ஆனால் அசைவைக் கட்டாயமாக்காதீர்கள். 2007இல் வீ டென்னிஸ் ஆடி ஆடித் தோள் தசைநார் வீங்கிப்போன 29 வயது மருத்துவரைப் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதமே வெளியானது. திடமான ஆளுக்கே அந்த நிலை. கையைத் தூக்க முடியாதவர்களும், ஒரே கையால் ஆடுபவர்களும், கை நடுங்குபவர்களும் அதே பெட்டியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஸ்கைவார்டு சோர்டு 2021இல் ஸ்விட்ச்சுக்கு மறுபடி வந்தபோது, வாள்வீச்சை ஸ்டிக்கிலேயே செய்யும் வழியும் சேர்க்கப்பட்டிருந்தது. பத்து ஆண்டுகளாக அந்த கேமை ஆட முடியாமல் இருந்தவர்கள் அப்போதுதான் முதன்முறையாக வாளை எடுத்தார்கள்.